வில்லும் காட்டுப் பன்றியும்

இமயமலைச் சாரலில் ஒரு பன்றி வீழ்ந்து கிடக்கிறது. அதன் உடலில் இரண்டு அம்புகள் தைத்திருக்கின்றன. ஒன்று, தவம் செய்துகொண்டிருந்த அருச்சுனன் எய்தது. மற்றொன்று, வேட்டுவ உருக்கொண்டு வந்த சிவபெருமான் எய்தது. பன்றி எனக்கே உரியது என்று இருவரும் வழக்காடினர். வழக்கு முற்றிப் போராக மூண்டது. வடமொழிப் புலவர் பாரவி இக்கதையைக் 'கிராதார்ஜுனீயம்' என்ற பெயரில் காவியமாக்கினார். நமது புறநானூற்றிலும் இத்தகைய வேட்டை ஒன்று உண்டு. வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துச் சென்று, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் உடலில் தைத்து நின்றதாக வன்பரணர் பாடியிருக்கிறார்.

வில்லும் பன்றியும் இவ்வாறு பாட்டிலும் கதையிலும் இணைந்திருப்பது நம் நாட்டில் மட்டுமன்று. ஸ்பெயின் நாட்டுப் பாறைக் குடைவுகளில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், வில்லேந்திய வீரர் பன்றியைத் துரத்துவதைச் செந்நிறத்தில் தீட்டி வைத்திருக்கின்றனர். கிரேக்கரின் பழங்கதையில், கலிடோன் நாட்டை அழித்த பெரும் பன்றியின் குருதியை முதலில் சிந்தவைத்தது அட்டலாண்டா என்னும் கன்னியின் அம்பு.

நான் வேட்டைக்காரன் அல்லேன். வேட்டையைப் போற்றவும் இங்கு வரவில்லை, பழிக்கவும் வரவில்லை. உலகின் பல பகுதிகளில் பல இனப் பன்றிகளை மனிதர் எவ்வாறு வில்லால் வேட்டையாடினர், இன்றும் எவ்வாறு வேட்டையாடுகின்றனர் என்பதைக் கூறி, அதிலிருந்து நான் அறிந்த ஓர் உண்மையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

வில்லுக்கு ஓர் எல்லை உண்டு. துப்பாக்கி நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தும் கொல்லும்; வில்லைக் கையிலெடுத்தவனோ பெரும்பாலும் இருபது கஜத்துக்குள் நெருங்கியாக வேண்டும். பன்றிக்குக் கண் அத்துணைக் கூர்மையானதன்று. ஆனால், அதன் மூக்கை ஏய்ப்பது அரிது. ஆகவே வேடன் முதலில் காற்றைப் பார்க்கிறான். பன்றியிடமிருந்து தன் முகத்தை நோக்கிக் காற்று வீசும்படி வழியைத் தேர்ந்துகொள்கிறான். பன்றி தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறும்போது ஓரடி எடுத்து வைக்கிறான். அது தலை நிமிர்ந்தால் மரம்போல் நின்றுவிடுகிறான்.

நெருங்கிவிட்டால் மட்டும் போதாது. பன்றியின் இதயமும் நுரையீரலும் உடலில் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி அமைந்தவை. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்களில் தோலுக்கடியில் கேடயம்போலத் தடித்த படலம் ஒன்று வளர்ந்திருக்கும். ஆண் பன்றிகள் கோரைப் பற்களால் ஒன்றையொன்று தாக்கும்போது காத்துக்கொள்ள இயற்கை அளித்த கவசம் அது. அதன்மேல் நேராகப் படும் அம்பு தடைப்பட்டுப் போகலாம். எனவே, பன்றி சற்றே அப்பால் திரும்பி, முன்னங்காலை முன்னே நீட்டும் கணத்துக்காக வில்லாளி காத்திருக்கிறான். குறி தவறினால் துன்பம் இருவருக்கும் உண்டு. கொழுப்பும் அடர்ந்த மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் குருதித் தடம் நிலத்தில் தெளிவாக விழாது. அடிபட்ட விலங்கு எங்கோ ஒரு புதரில் கிடந்து வருந்தி மடியும். அல்லது தேடி வந்தவனைப் புதரிலிருந்து பாய்ந்து தாக்கும். அதனால்தான் நாணை இழுத்த பின்னும் எய்யாமல் திரும்புவதை நல்ல வில்லாளிகள் இழிவாகக் கருதுவதில்லை.

இந்த எல்லையை அறிந்து வாழ்ந்த மக்களுள் சிலர் நம் நாட்டிலேயே இருக்கின்றனர். அந்தமானில் வாழும் தமிழ் நேயர்கள் ஜாரவாப் பழங்குடியினரைப் பற்றி நன்கு அறிவர். வெளியுலகத்தாருடன் கலவாமல் 1990களின் இறுதிவரை ஒதுங்கி வாழ்ந்த அம்மக்களின் முதன்மையான வேட்டை விலங்கு காட்டுப் பன்றி. அவர்களது கருவி வில். வேட்டைக்குச் செல்லும் ஆடவர் மரப்பட்டையாலான மார்புக் கவசம் அணிவதுண்டு. ஆங்கிலேயர் காலத்தில் அத்தீவுகளில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள் இன்று அவர்கள் காட்டில் மிகுதியாக மேய்கின்றன; ஆயினும் ஜாரவாக்கள் மரபாக அவற்றை உண்டதில்லை.

அந்தமான் பழங்குடிகள் பன்றிக்கென்றே அமைத்த அம்பு ஒன்று உண்டு. அதன் முனைப்பகுதி தண்டிலிருந்து கழன்றுகொள்ளும். இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அம்பு பட்ட பன்றி ஓடும்போது முனை உடலில் தங்கிவிடும். தண்டு கயிற்றில் இழுபட்டுச் சென்று, கொடியிலோ புதரிலோ குறுக்காக மாட்டிக்கொள்ளும். பன்றி அங்கேயே நின்றுவிடும். உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த இரும்பைத் தட்டி அம்பு முனையாக்கிய அம்மக்கள், அடிபட்ட விலங்கைக் காட்டில் தொலைத்துவிடாமல் இருக்கக் கண்ட வழி இது. வேட்டை அவர்களுக்கு உணவு, வீணாக்குவதற்கு இடமில்லை.

ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் எயாசி ஏரியைச் சூழ வாழும் ஹட்சா மக்களும் வில்லையே நம்பியிருப்பவர்கள். அவர்களது காட்டில் 'வார்ட்ஹாக்' என்ற பன்றி திரிகிறது. முகத்தில் பெரும் பருக்கள் போன்ற புடைப்புகள் உடையது. முன்னங்கால்களை மடித்து முழந்தாளிட்டுப் புல் மேய்வது. வேறு விலங்கு தோண்டிய வளையில் இரவைக் கழிக்கும். வளைக்குள் பின்புறமாக நுழையும். தன் கோரைப் பற்கள் எப்போதும் வாயிலை நோக்கியிருக்க வேண்டும் என்பது அதன் தற்காப்பு. ஹட்சா வேடர் வறட்சிக் காலத்தில் நீர்த்துறைகளின் அருகே பதுங்கியிருந்து, செடியின் நஞ்சு பூசிய அம்புகளையும் பயன்படுத்துகின்றனர். பெரிய விலங்கு வீழ்ந்தால் இறைச்சி எய்தவனுக்கு மட்டும் உரியதன்று. குடியிருப்பில் உள்ளோர் பலருக்கும் பங்கு உண்டு.

வேட்டை ஆடவர் தொழில் என்பாருக்கு மறுமொழியாக விளங்குவது பிலிப்பைன் நாட்டின் லூசான் தீவு. அதன் வடகிழக்குக் காடுகளில் வாழும் ஆக்டா குலப் பெண்கள் நாய்களுடன் கூட்டமாகச் சென்று, வில்லும் கத்தியும் கொண்டு பன்றியையும் மானையும் வேட்டையாடுவதை 1980களில் மானிட இயல் ஆய்வாளர் விரிவாகப் பதிவு செய்தனர். பிள்ளை பெற்ற தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். அதற்குத் தெற்கே இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், குகைச் சுவரில் தீட்டப்பட்ட ஒரு பன்றியின் ஓவியம் குறைந்தது 45,500 ஆண்டுப் பழமையானது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மனிதர் தீட்டிய உருவங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று பன்றியின் உருவம் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி, அமெரிக்காவுக்குச் செல்வோம். அக்கண்டத்தில் 'பெக்கரி' என்னும் உறவு விலங்கு உண்டேயன்றி, நாம் அறிந்த பன்றி ஆதியில் இல்லை. ஐரோப்பியரே அதைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ தெ சோட்டோ 1539இல் புளோரிடாவில் இறங்கியபோது பன்றி மந்தையும் உடன் சென்றது. தப்பியோடியவையும், பின்னர் வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து தருவிக்கப்பட்ட காட்டுப் பன்றிகளும் கலந்து பெருகின. இன்று ஐக்கிய நாட்டில் 35 மாநிலங்களில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப் பன்றிகள் இருப்பதாக அந்நாட்டு வேளாண்துறை மதிப்பிடுகிறது.

அந்நாட்டில் வில்வேட்டை புத்துயிர் பெற்ற வரலாறும் உருக்கமானது. 1911இல் கலிபோர்னியாவில் இஷி என்னும் ஒரு மனிதர் காட்டிலிருந்து தனியாக வெளிப்பட்டார். குடியேறியவர்களால் அழிக்கப்பட்ட யாஹி குலத்தின் கடைசி மனிதர் அவர். அவருக்கு மருத்துவம் செய்த சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர் அவரிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றார். 1916இல் இஷி மறைந்தார். 1923இல் போப் வெளியிட்ட வில்வேட்டை நூல் பல்லாயிரம் அமெரிக்கரை வில்லின்பால் ஈர்த்தது. ஒரு குலம் மாண்டது. அதன் கடைசி மனிதர் கற்பித்த கலை, மாளச் செய்தவர்களின் வழித்தோன்றல்களிடம் பொழுதுபோக்காகத் தழைத்தது.

அந்தப் பொழுதுபோக்கு பன்றியைக் குறைத்ததா? குறைக்கவில்லை. பெண் பன்றி ஓராண்டில் இருமுறைகூட ஈனவல்லது. வில்லாளி ஒரு பன்றியை வீழ்த்தித் திரும்பும் காலத்தில் புதரில் பல குட்டிகள் பிறந்துவிடுகின்றன. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. வேட்டைச் சுவை கண்ட சிலர், பன்றி இல்லாத இடங்களுக்கும் அவற்றை வண்டியில் ஏற்றிச் சென்று விட்டனர். ஆகவே கான்சஸ் மாநிலம், பன்றியை ஒழிப்பதற்காகவே, அதை விளையாட்டாக வேட்டையாடுவதைச் சட்டத்தால் தடுத்தது!

கலிபோர்னியாவை அடுத்த சாந்தா குரூஸ் தீவில் பன்றிகளின் குட்டிகளை உண்ண வந்த பொன்னிறக் கழுகுகள், அத்தீவுக்கே உரிய சிறு நரிகளையும் கவ்வத் தொடங்கின. நரிகள் நூற்றுக்கும் கீழே குறைந்தன. 2005ஆம் ஆண்டில் தொடங்கி, பயிற்சி பெற்றோர் ஹெலிகாப்டர்களின் துணையுடன் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்று தீவைப் பன்றியற்றதாக்கினர். 2016இல் அந்நரி, அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மனிதன் கப்பலில் கொண்டுவந்து செய்த பிழையைத் திருத்த வில் போதவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அஸ்ஸாமிலே குள்ளப் பன்றி என்றோர் இனம் உண்டு. உலகிலுள்ள பன்றிகளுள் மிகச் சிறியது. உயரம் ஒரு முழத்துக்கும் குறைவு. இமயமலை அடிவாரத்து உயர்ந்த புல்வெளிகளே அதன் உறைவிடம். அழிந்தொழிந்தது என்று கருதப்பட்ட அவ்விலங்கு 1971இல் மீண்டும் காணப்பட்டது. அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தது அம்பு மட்டுமன்று. புல்வெளிகளைக் கொளுத்தியதும், உழுததும், மாடுகளை அளவின்றி மேய்த்ததும் அதன் வீட்டைப் பறித்தன. 1996இல் மானஸ் காட்டிலிருந்து ஆறு பன்றிகளைப் பிடித்து, குவாஹாட்டியை அடுத்த பசிஷ்டாவில் வளர்த்துப் பெருக்கினர். 2008 முதல் அவற்றின் வழிவந்தவை புல்வெளிகளில் மீண்டும் விடப்பட்டு வருகின்றன.

இப்போது புதிய இடர் ஒன்று வந்திருக்கிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்னும் நோய் 1921இல் கென்யாவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. முன்னர்ச் சொன்ன வார்ட்ஹாக் அந்நோய்க் கிருமியைத் தாங்கியும் நோயுறுவதில்லை. பிற பன்றிகளோ கூட்டம் கூட்டமாக மடிகின்றன. 2007இல் காக்கசஸ் நாடான ஜார்ஜியாவை அடைந்த நோய், 2018இல் சீனாவையும், 2020இல் அஸ்ஸாமையும் எட்டியது. 2021இல் போர்னியோவின் சபாப் பகுதியில் தாடிப் பன்றிகளை வீழ்த்தியது. மனிதரை அந்நோய் தொற்றாது. ஆனால் மனிதர் கொண்டுசெல்லும் இறைச்சியிலும், அவர்கள் எறியும் கழிவிலும் அது பயணம் செய்கிறது. கணக்கற்ற தலைமுறைகளாக வில் செய்யாத அழிவை, ஒரு பொட்டலம் இறைச்சி செய்துவிடக்கூடும்.

நேயர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். அந்தமான் வேடனும் ஹட்சா வேடனும் கணக்கற்ற பன்றிகளை எய்திருக்கின்றனர். அவர்கள் காட்டில் பன்றி அற்றுப்போகவில்லை. அவர்கள் நம்மைவிட இரக்கம் மிகுந்தவர்கள் என்று நான் கூறவில்லை. இருபது கஜம் என்ற எல்லையும், வயிற்றுக்கு வேண்டிய அளவு என்ற எல்லையும் அவர்கள் கையைப் பிடித்தன. வண்டியும் கப்பலும் சந்தையும் வந்தபின் அந்த எல்லைகள் மறைந்தன. இனி எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த எல்லையை வகுத்திருக்கிறது. சட்டம் மட்டும் போதாது. ஜாரவா மக்களின் ஒதுக்குக் காட்டுக்குள் வெளியார் திருட்டுத்தனமாகப் புகுந்து பன்றிகளைக் கொன்று இறைச்சியை விற்பது நடந்திருக்கிறது. அவ்விறைச்சியை வாங்குவோர் இருப்பதனாலேதான் அது விற்கப்படுகிறது. பிழைப்பை நாடி அந்தமானிலும் அஸ்ஸாமிலும் குடியேறிய நம்மவரிடம் ஒரு வேண்டுகோள். மறைவாக விற்கப்படும் காட்டுப் பன்றி இறைச்சியை வாங்காதீர்கள். அது ஒரு ஜாரவாக் குடும்பத்தின் உணவு. காட்டோரத்தில் பன்றியிறைச்சிக் கழிவை எறியாதீர்கள். அது குள்ளப் பன்றியின் முடிவாகிவிடலாம்.

அன்று இமயமலையில் எழுந்த வழக்குக்கு வருவோம். எய்தவர் இருவரும் பன்றி தமக்கே உரியது என்றனர். எதிரே நின்ற வேடன் யார் என்பதை அருச்சுனன் உணர்ந்ததும் வழக்கைக் கைவிட்டு வணங்கினான். அவன் வேண்டிய படைக்கலம் கிடைத்தது. அந்தப் பன்றியை யார் எடுத்துச் சென்றார் என்று அதற்குப் பின் எவரும் கேட்கவில்லை.