குற்றநீக்கம்: யாருக்கு விடுதலை?

(ஆம்பூரில் இளைஞர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டார்: "அண்ணா, குற்றநீக்கம்னா இனிமே அதைச் செய்யலாம்னு அர்த்தமா?" அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன்.

அப்படி இல்லை. ஒரு செயலைக் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து எடுப்பதுதான் குற்றநீக்கம். போலீசும் சிறையும் போகும். ஆனால் அந்தச் செயல் உரிமையாகிவிடாது. தடை அப்படியே நீடிக்கலாம். 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோரின் மனமொப்பிய உறவை 377-ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 2023-ல் அதே நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. குற்றம் போனது, உரிமை வரவில்லை. அதற்கும் முன்னால், பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுக்க 1952-லும் ஒழிந்தது. இரண்டிலும் விடுபட்டவர்கள் மனிதர்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். 2023-ன் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 மத்திய சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தியது. அதில் 1986-ன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் ஒன்று. முன்பு அதை மீறினால் ஐந்தாண்டுவரை சிறை. இப்போது ஓர் அதிகாரி 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டம் விதிப்பார். அதைக் கட்டாமல் விட்டால்தான் சிறை என்ற பேச்சே வரும். அதாவது ஆற்றைக் கெடுத்ததற்கு அல்ல, பாக்கி வைத்ததற்கு!

இந்த 10,000 நமக்குப் பழைய எண். பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் போட்ட அபராதம் அதுதான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பே சொல்கிறது. (அதில் நம் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அடுத்த ஆண்டே அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.)

"சட்டத்தில் சிறை இருந்தப்போ மட்டும் எந்த முதலாளி உள்ளே போனான்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோல் இழுத்தவர். அவரும் இதைத்தான் கேட்பார். ஆனால் 2015 ஜனவரி 31-ஐ நினைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அலட்சியத்தால் சாவு நேர்ந்தால் அது இன்றைக்கும் குற்றம்தான், அந்தப் பிரிவை யாரும் எடுக்கவில்லை. எடுத்தது அதற்கு முந்தைய கட்டத்தை. விதியை மீறிக் கழிவைத் தேக்கும்போதே, ஆள் சாவதற்கு முன்பே, முதலாளியைக் கூண்டில் ஏற்ற இருந்த வழிகளில் ஒன்று அது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இனி அந்தக் கட்டத்தில் இருப்பது ஒரு ரசீது. குழிக்குள் நிற்பவர் பெரும்பாலும் நம் சேரியிலிருந்து போனவர். ரசீதை வாங்குபவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தத் தங்கை இன்றைக்கும் வந்திருக்கிறார். அடுத்த கேள்வியை அவரே கேட்கட்டும்.