பாய்மரப் படகும் பெரும்புயலும்

அரிக்கேன் விளக்கை அறியாத தமிழர் இலர். காற்றுக்கு அணையாது நிற்பதனால் அதற்கு வாய்த்த பெயர் அது. கரிபியன் தீவுகளின் தொல்குடியினர் நாவில் பிறந்து, ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல்லே அட்லாண்டிக் மாகடலின் பெரும்புயலுக்கும் பெயராகும். வங்கக் கடலில் நாம் காணும் புயலும் அதுவும் ஒரே இனத்தன.

அமெரிக்க நாட்டின் பிளாரிடா கரையில், படகுத்துறைகள்தோறும் பாய்மரப் படகுகள் நிறைந்து கிடக்கின்றன. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயற்பருவம். படகைக் கரையேற்றிப் பாய்மரத்தை இறக்கி, தரையில் பதித்த முளைகளோடு பிணித்துவிடுவதே சாலச் சிறந்தது. ஆற்றின் மேற்புறம் ஒதுங்க விரும்புவோர் காலந்தாழ்த்தலாகாது. மக்கள் சாலைவழி வெளியேறுவதற்காகத் தூக்குப் பாலங்களைத் திறவாது பூட்டிவிடுவார்கள்.

துறையிலேயே நிற்க நேர்ந்த படகின் செய்தி என்ன? முதலில் பாய்களைக் கழற்றிவிட வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. சுருட்டிக் கட்டிய பாய் ஒரு சாண் நெகிழ்ந்தாலும் போதும். முழுப் பாயும் விரிந்து, படகைத் துறையோடு மோதிவிடும்.

அடுத்தது கயிறு. நைலான் கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். ஆயின், நீண்டு சுருங்கும்போதெல்லாம் படகின் விளிம்பில் உராய்ந்து தேயும். ஆகவே அவ்விடங்களில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டுகளை உறையாக இடுகின்றனர். எளிய பொருள்தான், எனினும் பல படகுகளைக் காத்திருக்கிறது. கயிறுகள் இரட்டையாக இருந்தால் மட்டும் போதா, நீளமும் வேண்டும். 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஆண்ட்ரூ புயல் தாக்கியபோது பிஸ்கேன் விரிகுடாவில் நீர் ஏறத்தாழ 17 அடி உயர்ந்தது. குட்டைக் கயிற்றில் கட்டிய படகு அந்நீரோடு எழ முடியாது. ஒன்று கட்டுத்தறி பிடுங்கிக்கொள்ளும், அன்றேல் படகு அமிழும். மிதக்கும் துறைகளிலோ வேறோர் ஆபத்து: நீர்மட்டம் தூண்களின் உச்சியைக் கடந்தால், துறையே படகுகளோடு பெயர்ந்து மிதந்துவிடும்.

மழைநீர் வடியும் துளைகளைத் துப்புரவாக்குதலும், இறைப்பானுக்குரிய மின்கலத்தை நிரப்பி வைத்தலும் மறக்கத்தகாதன; கரையிலிருந்து வரும் மின்சாரம் முதலிலேயே நின்றுவிடும்.

இத்தனையும் செய்தபின், உடனிருந்து காப்போம் என்று படகிலேயே தங்குவோர் உண்டு. மணிக்கு 100 மைல் காற்றில் மேல்தளத்தில் நிமிர்ந்து நிற்றலும் இயலாது. முறுக்கேறிய கயிற்றை அவிழ்ப்பது எங்ஙனம்? படகுக்குக் காப்புறுதி உண்டு. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு, கடலோரத்தினின்று வெளியேறுமாறு அதிகாரிகள் ஆணையிட்ட உடனே, படகுக்குரியவர் மேட்டுநிலம் போய்ச் சேர்தல் வேண்டும்.