பரணில் இருக்கும் கேசட்டுகளை இறக்குங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் சார் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். நேரம் தாண்டாமல் முடித்துவிடுகிறேன்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு விஎச்எஸ் கேசட் கிடைத்தது. மேலே 'மகாபலிபுரம் 1993' என்று என் கையெழுத்து. செங்கல்பட்டில் குடியிருந்தபோது, கேமரா வைத்திருந்த நண்பரோடு இரண்டு குடும்பமாகப் போய் எடுத்தது. அதில் என் அப்பா கடற்கரைக் கோயில் பக்கம் நின்று பேசுவார். அவர் குரல் வேறெதிலும் பதிவாகவில்லை. ஆசை தாங்காமல் ஒரு பழைய விசிஆரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். டேப்பில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு நிமிடம் ஓடி, சிக்கி, அறுந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

அந்த இரண்டு நிமிடத்தில் அப்பா வரவில்லை. ஆனால் மணலில் வரிசையாகக் கட்டுமரங்கள் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் நிறைய வந்து, கட்டுமரங்கள் குறைந்துபோயின. அன்று நாங்கள் கட்டுமரத்தைப் படம் எடுக்கவில்லை, பிள்ளைகளைத்தான் எடுத்தோம். பின்னால் தானாக விழுந்ததுதான் இன்று சரித்திரம்.

'இதையெல்லாம் அரசாங்கம் பாதுகாக்காதா?' என்று கேட்பீர்கள். புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். அதற்குள் எவ்வளவோ போய்விட்டது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றி ஐம்பதாயிரம் அடி படச்சுருள் திரட்டி, 1940-இல் காந்தி பற்றிய படத்தை வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் படம் கிடைக்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவில் தயாரான சுருக்கமான ஆங்கிலப் பதிப்பைத்தான், அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டெடுத்தார். காந்தி படத்துக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கேசட்டை யார் தேடுவார்கள்? நாம்தான்.

வங்கியில் பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். வாரிசு வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். பூசணம் தின்ற டேப் அப்படித் திரும்பாது. நாம் இருப்பதோ உப்புக்காற்றும் ஈரமும் உள்ள கடற்கரை ஓரம். விசிஆர் தயாரித்த கடைசி ஜப்பான் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பூசணம் தெரிந்தால் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், மெஷினின் ஹெட்டும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

2. கேசட்டின் முதுகில் ஓரமாக உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். யாரும் மேலே தவறிப் பதிவு செய்ய முடியாது.

3. முழுக்கச் சுற்றி, ஈரமில்லாத அலமாரியில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பரண் வேண்டாம்.

4. டிஜிட்டலாக மாற்றியதும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

5. தேதி, இடம், யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். விவரம் எழுதாத வவுச்சரை நாங்கள் பாஸ் செய்ததே இல்லை.

உங்கள் கல்யாணக் கேசட்டில் மாப்பிள்ளை அழைப்பு போன பழைய செங்கல்பட்டுத் தெரு இருக்கலாம். பிக்னிக் கேசட்டில் கொளவாய் ஏரிக்கரை இருக்கலாம். நாம் குடியிருக்கும் இந்த இடம் வெறும் வயலாகக்கூட இருக்கலாம். நம் பேரப்பிள்ளைகளுக்கு இதை வேறு யார் காட்டுவார்கள்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். கேசட்டை என்னிடம் தர வேண்டாம். என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், பட்டியல் எழுதுவோம். பத்து வீடு சேர்ந்தால் மாற்றித் தருபவரிடம் விலை பேசலாம்.

என் கேசட்டை ஒருவர் வாங்கிப் போயிருக்கிறார். சுத்தம் செய்து ஒட்டிப் பார்க்கிறேன் என்றார். அப்பா குரல் கிடைக்குமா என்று காத்திருக்கிறேன். நீங்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.