வான்மழையா? வளர்ப்பவர் கையா?

பேரன்புமிக்க நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எங்களை வெளுத்து வாங்கிவிட்டு, போட்ட சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே!

வறண்ட பூமியில் தோட்டம் தழைக்கப் பெரிதும் காரணம் வான்மழையா, வளர்ப்பவர் கையா என்பது தலைப்பு. வளர்ப்பவர் கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். "என் மனைவி மூணு மாசம் தண்ணி ஊத்தினா. மல்லிகை அப்படியே நின்னுச்சு. ஒரு ராத்திரி மழை பெஞ்சுது. ஒரே வாரத்துல தளதளன்னு துளிர்த்திருச்சு. இப்ப மாலையை யாருக்கய்யா போடணும்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அந்தப் பேச்சுக்குள்ளேயே எங்கள் அணிக்கு ஒரு சாட்சி ஒளிந்திருக்கிறது. அந்த அம்மா மூன்று மாதம் ஊற்றாமல் விட்டிருந்தால், அன்றைக்குப் பெய்த மழை எதைத் துளிர்க்க வைத்திருக்கும்? காய்ந்த குச்சியையா? (சிரிப்பு, கைதட்டல்) ஐயா, மாலையை வானத்துக்கு எறியாதீங்க. அது திரும்பி உங்க தலையிலேதான் விழும். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா கையிலே கொடுங்க! (பலத்த கைதட்டல்)

மழை பெரிதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல ஊர்களில் உப்பு. ஊற்ற ஊற்ற அந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மழைத் தண்ணீரில் அந்த உப்பு கிடையாது. அது மண்ணில் தேங்கிய உப்பையும் கரைத்து வேருக்குக் கீழே இறக்கிவிடும். மழைக்குப் பிறகு செடி சிரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒப்புக்கொள்கிறோம்.

வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார்கள். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடி வான்சிறப்புத்தான் என்றார்கள். உண்மை. ஆனால் இரண்டாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் எப்படி? நூற்று நான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே உழவைப் பாடுகிறார். உழுவதைவிட எரு இடுவது நல்லது, களை எடுத்த பிறகு தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காவல் காப்பது நல்லது என்கிறார். வானத்தைப் பாடிய அதே வள்ளுவர், நிலத்துக்கு வந்தவுடன் மனிதன் செய்யவேண்டிய வேலையைத்தான் வரிசை போடுகிறார்!

நான் பிறந்த ஊர் வானம் பார்த்த பூமி. கொல்லையிலே ஒரு முருங்கை, நாலு கத்தரி, ஓர் அவரைப் பந்தல். மழை தள்ளிப்போனால் ஆண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். "மேற்கே கறுக்குது", "கிழக்கே மின்னுது" என்பார்கள். பத்துப் பைசா செலவில்லாத வானிலை ஆராய்ச்சி! (சிரிப்பு) அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள்? இடுப்பிலே ஒரு குடம், தலையிலே ஒரு குடம். ஊருணிக்கும் வீட்டுக்கும் நடந்தார்கள். எங்கள் அக்கா ஆறாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் மார்க் இல்லை, அந்தக் குடம். வானம் பொய்த்தால் அந்தப் பாரம் யார் இடுப்பில் ஏறுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அதனால்தான் இந்தத் தலைப்பை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அம்மாவும் மழையை எதிர்பார்த்தவர்தான். ஆனால் சும்மா இருந்து எதிர்பார்க்கவில்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகும். குளித்த தண்ணீர் முருங்கைக்குப் போகும். சித்திரை வெயிலில் செடியைச் சுற்றிக் கொத்திவிட்டு, பாத்தி கட்டி, வைக்கோலையும் வேப்பந்தழையையும் பரப்பி வைப்பார். "மழையே காணோம், எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டேன். "விருந்தாளி வந்த பிறகா பாய் தேடுவே?" என்றார். (கைதட்டல்) நடுவர் அவர்களே, எதிர்பார்ப்பது வேறு, எதிர்கொள்வது வேறு. மழையை எதிர்பார்க்க ஒரு சோடிக் கண் போதும். எதிர்கொள்ள இரண்டு கை வேண்டும்!

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்ப் பேராசிரியன் கணக்குப் போடுகிறானே என்று பயப்படாதீர்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,800 லிட்டருக்கு மேல். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 120 குடம்! ஒரே மழையில் உங்கள் தலைக்கு மேலே 120 குடம் வந்து இறங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? குழாய் வைத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, மறுவாரம் லாரிக்குப் போன் போடுகிறோம். முற்றம் முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு, "நிலத்தடி நீர் இறங்கிப் போச்சு சார்" என்கிறோம். இறங்க நீ எங்கே வழி விட்டாய்?

2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். சட்டம் குழி வெட்டச் சொல்லும். வெட்டிய குழியில் சேறு அடைத்தால் தூர் வாரச் சட்டமா வரும்? நம் கைதானே வரவேண்டும்! சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் படகிலே போனார்கள். 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலே குடிதண்ணீர் போனது. நாலு வருஷத்துக்குள்ளே ஒரே ஊர் தண்ணீரிலே மிதந்தது, தண்ணீருக்குத் தவித்தது. கொட்டிய வானத்தைக் குறை சொல்வீர்களா? பிடித்து வைக்காத கையைக் குறை சொல்வீர்களா?

"மழையே இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டார் எதிரணியின் இளைய பேச்சாளர். நல்ல கேள்வி தம்பி. இன்றைய இஸ்ரேல் இருக்கும் பகுதியில் 1930-களில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர், யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு மரம் ஓங்கி வளர்ந்திருப்பதைப் பார்த்தார். தோண்டினால் உள்ளே குழாய் ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தச் சொட்டைப் பிடித்துக்கொண்டு அவர் போன வழிதான், 1965-இல் நெகேவ் பாலைவனத்தின் ஹட்சேரிம் கூட்டுப்பண்ணையில் சொட்டுநீர்ப் பாசனத் தொழிலாக வளர்ந்தது. அந்தப் பாலையிலும் தோட்டம் போட்டது கை.

நமக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். ஒரு மண்பானை போதும். செடிக்குப் பக்கத்திலே கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். மண் காய்ந்தால் பானை கசியும். மண் நனைந்திருந்தால் கசிவு தானாகக் குறையும். கேட்டவனுக்குக் கேட்ட அளவு கொடுக்கும் ரேஷன் கடை! (சிரிப்பு) இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்து வேளாண் நூலில் இந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. அதோடு காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். உச்சி வெயிலில் ஊற்றாமல் காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் வெயிலுக்குப் போகாமல் வேருக்குப் போகும்.

நிறைவாக ஒன்று. மழை வேண்டிக் கும்பிடுகிற கையை நான் தாழ்த்திப் பேசமாட்டேன். வறண்ட ஊரில் விதை ஊன்றுகிறவனைப்போல நம்பிக்கை உள்ளவன் யார்? ஆனால் கும்பிட்ட அந்தக் கையே கீழே இறங்கி மண்வெட்டியைப் பிடிக்கட்டும். வானம் தரும் நாளும் உண்டு, தராத நாளும் உண்டு. தந்த நாளில் சேர்த்து வைத்து, தராத நாளில் செடியைக் காப்பாற்றுவது கை. அந்தக் கை வீட்டு அம்மாவின் கையாக மட்டும் இருக்கவேண்டாம். ஐயாக்களும் திண்ணையை விட்டு எழுந்து வாருங்கள். நாளைக் காலையில் மொட்டைமாடிக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தடவை பாருங்கள். இனி ஒரு வீட்டிலும் குடத்துக்காக ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விடக்கூடாது.

ஆகவே நடுவர் அவர்களே, மழையை வரவேற்று, ஆனால் தீர்ப்பை வளர்ப்பவர் கைக்கே தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)