சோளக்காட்டு ஊரின் தண்ணீர்

செயற்கை நுண்ணறிவுக்குத் தாகம் உண்டு. ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி பயிற்சி பெற்ற மைக்ரோசாஃப்ட் கணினிக் கூடங்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சோள வயல்கள் சூழ்ந்த வெஸ்ட் டி மொயின் ஊரில் இருக்கின்றன. வெளியே வெப்பம் 29 டிகிரியைத் தாண்டினால், எந்திரங்களின் சூட்டைத் தணிக்கத் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். அது மறுபடி குழாய்க்கு வராது. 2022 ஜூலையில் மட்டும் இந்தக் கூடங்களுக்குப் போனது சுமார் 4 கோடியே 35 லட்சம் லிட்டர்! வட்டாரத்தின் அந்த மாத நீர்ச் செலவில் இது 6 சதவீதம். ஊர் மக்கள் குடிப்பதும் அதே நீர்தான். இந்தக் கணக்கை நிறுவனங்கள் தாமாகவே மாதந்தோறும் வெளியிட வேண்டும். கேட்க ஊருக்கு உரிமை இருக்கிறது. கோடை உச்சத்தில் நீர்த் தேவையை வெகுவாகக் குறைத்துக் காட்டினால்தான் மைக்ரோசாஃப்டின் புதிய கூடங்களைப் பரிசீலிப்போம் என்று அவ்வூர்க் குடிநீர் நிர்வாகம் சொல்லிவிட்டது.