சொன்னால் படிப்பு நிற்காது



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு வாசிப்பேன், அவ்வளவுதான். "பள்ளிக்கூடம் போய் வருகிற பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றி நீதான் பேசணும்" என்று தலைவி அக்கா சொன்னபோது பயமாக இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் பத்தாவது பாஸ் செய்தவள். டவுனில் பதினொன்றாவது சேர்த்தார்கள். பஸ்ஸில்தான் போய் வரணும். கூட்ட நெரிசலில் ஒரு ஆள் தினமும் பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்பான். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னார்கள். மறுநாளே என் படிப்பு நின்றது. அந்த ஆள் அதே பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்தான். அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான்.

போன வருஷம் என் மகள் ஒன்பதாவது படித்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். செப்டம்பர் மாதம் மூன்று நாளாக முகம் வாடி வந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டேன். "சொன்னா ஸ்கூல நிறுத்த மாட்டியேம்மா?" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. "சத்தியமா நிறுத்த மாட்டேன்" என்ற பிறகுதான் சொன்னாள்.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பஸ் இறங்க இருட்டிவிடும். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். அந்த ரோட்டில் ஒருத்தன் வண்டியில் கூடவே மெதுவாக வந்து, "ஏறு, வீட்ல விடுறேன்" என்று தொந்தரவு செய்திருக்கிறான். வண்டி நம்பரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், கணக்கு முடிந்ததும் இதைச் சொன்னேன். இன்னும் இரண்டு அம்மாக்கள் "எங்க பிள்ளையும் சொல்லுச்சு" என்றார்கள். நம்பரோடு ஸ்டேஷனில் மனு கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். தினமும் இரண்டு பேர் முறை வைத்து பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தோம். அக்டோபர் 2 கிராம சபையில் தெருவிளக்கு கேட்டு மனு கொடுத்தோம். விளக்கு வந்தது. ஒரு கம்பத்தில் இன்னும் எரியவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியது சில இருக்கு. தெரிந்த ஆளே ஆனாலும், வீட்டில் சொல்லாமல் யார் வண்டியிலும் ஏறக் கூடாது. பஸ்ஸில் யாராவது தொந்தரவு செய்தால் சத்தம் போடணும், கண்டக்டரிடம் சொல்லணும், பெண்கள் பக்கம் போய் நிற்கணும். அம்மா அப்பா போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியணும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம், காசு கிடையாது.

பையன்களை மறந்துவிடாதீர்கள். படிக்கட்டில் தொங்கக் கூடாது, இறங்கினதும் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ரோட்டைக் கடக்கக் கூடாது. அவர்களுக்கும் தொந்தரவு நடக்கிறது. 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள ஆண், பெண் இரண்டு பிள்ளைகளுக்கும்தான். புகார் கொடுத்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று பயப்படுகிறோம். பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இதெல்லாம் நடக்கணும் என்றால் பிள்ளை முதலில் நம்மிடம் வாயைத் திறக்கணும். அதனால் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் எங்கிட்ட சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டோம்."

என் மகள் இப்போது பத்தாவது. அடுத்த வருஷம் பதினொன்றாவதுக்கு டவுனுக்குப் போகணும். நான் போன அதே ரூட் பஸ்தான். அவள் போவாள்.