ரீயூனியன் தீவில் கேமராவும் நாங்கள் இருவரும்

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் சந்திப்பில் படங்களைத் திரையிட்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன மாதம் டெலிபோனில் கூப்பிட்டு, "மாமா, ரீயூனியன் போய் வந்தேளே, அந்தப் படங்களைப் போட்டுக் காட்டி அரை மணி பேசுங்கோ" என்றார். உடனே ஒப்புக்கொண்டேன். ரிடையர் ஆனவனை அரை மணி பேசச் சொன்னால் மறுப்பானா? ஆனால் என் சகதர்மிணி ஒரு நிபந்தனை போட்டாள். "படத்தை மட்டும் காட்டிட்டு வந்துடாதீங்கோ. கண் விஷயத்தையும் சொல்லணும்" என்றாள். ஆகவே இரண்டையும் சொல்கிறேன். இரண்டும் ஒரே கதைதான் என்பது முடிவில் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஊர். ரீயூனியன், மொரீஷியஸுக்குத் தென்மேற்கே இந்து மகாசமுத்திரத்தில் இருக்கும் ஒரு தீவு. பிரான்ஸ் தேசத்தின் ஒரு பகுதி. பிரெஞ்சு பேசுகிறார்கள், யூரோவில் செலவு. பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் மும்பை மாநகரத்தைப் போல நான்கு மடங்கு. இந்தச் சின்ன இடத்துக்குள் 3,070 மீட்டர் உயரத்துக்கு ஒரு மலை. பித்தோன் தெ நேஜ் என்று பெயர், பனிச் சிகரம் என்று பொருள். இது அணைந்துபோன எரிமலை. இன்னொன்று பித்தோன் த லா ஃபூர்னேஸ், அதாவது உலைச் சிகரம். இது இன்றும் அடிக்கடி நெருப்பைக் கக்குகிற எரிமலை. உயரம் 2,632 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டா உயரத்தில் ஓர் எரிமலை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிச் சிகரத்தைச் சுற்றி மூன்று பெரிய பள்ளத்தாக்குகள், செங்குத்தான சுவர்களுக்கு நடுவே கிண்ணம்போல இருக்கின்றன. மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று பெயர். வரைபடத்தில் பார்த்தால் வில்வத்தின் மூன்று தளங்களைப் போலத் தெரியும். இவற்றை இப்படிக் குடைந்ததில் மழைக்குப் பெரிய பங்கு உண்டு. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் பெய்த 944 மில்லிமீட்டர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். ரீயூனியனில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. உலக சாதனை அதுதான். இந்த மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நாங்கள் போனது 2024 செப்டம்பரில், மழை குறைந்த பருவத்தில். எனக்கு வயது 71, அவளுக்கு 67. மும்பையிலிருந்து மொரீஷியஸ், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இன்னொரு விமானம். கேமரா எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம். குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் போட்ட காலத்திலிருந்தே அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். நான் இரண்டு லென்ஸ், ஒரு ட்ரைபாட், ஃபில்டர்கள் என்று மூட்டை கட்டினேன். அவள் சின்ன எலெக்ட்ரிக் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி என்று மூட்டை கட்டினாள். எது அதிகம் உபயோகப்பட்டது என்று கேட்காதீர்கள்.

அந்தத் தீவில் மலையைப் படம் எடுக்க விரும்புகிறவனுக்கு மேகம்தான் எஜமான். விடியற்காலையில் ஆகாயம் துல்லியமாக இருக்கும். வெயில் ஏற ஏற, கடல் காற்று ஈரத்தை மேலே தள்ளிக்கொண்டு வரும். ஒன்பது, பத்து மணிக்குள் சிகரங்கள் திரை போட்டுக்கொள்ளும். ஆகவே தினமும் மூன்றரை மணிக்கு எழுந்தோம். "வைகுண்ட ஏகாதசி வருஷத்துக்கு ஒரு நாள்தான். உங்களோட வந்தா எட்டு நாள்" என்றாள் அவள்.

முதல் விடியல் மைதோ என்ற இடத்தில். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் ஒரு விளிம்பு. கீழே மஃபாத் பள்ளத்தாக்கு. அதற்குள் கார் போகும் சாலையே கிடையாது. அங்கே குடியிருப்பவர்களுக்கு நடை, இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். முற்காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தப்பி ஓடி ஒளிந்த இடம் அது. அப்படி ஓடியவர்களின் ஒரு தலைவனுடைய பெயர்தான் பள்ளத்தாக்குக்கே நிலைத்துவிட்டது. எதிரே மலைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் வந்தான். அடுக்கடுக்காக நீல மடிப்புகள், அடியில் பொட்டுப் பொட்டாகக் கூரைகள். திரையில் இப்போது பார்க்கிறீர்களே, அதுதான்.

இந்தப் படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அன்று எடுத்த பதினான்கு படங்களிலும் அந்தக் கம்பி இருக்கிறது. ஐம்பது வருஷம் படம் எடுத்தவன் செய்கிற தப்பா இது? அன்று இரவு விடுதியில் படங்களைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளிடம், "அவசரத்தில் கவனிக்கவில்லை" என்றேன். அது பொய்.

எனக்குக் கிளாக்கோமா இருக்கிறது. கண்ணின் உள் அழுத்தத்தோடு சம்பந்தப்பட்டு, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக நசிந்துபோகும் வியாதி. பொதுவாக முதலில் நடுப் பார்வை போவதில்லை. பேப்பர் படிக்கலாம், ஊசியில் நூல் கோக்கலாம். ஓரங்கள்தான் போகும். போன இடத்தில் இருட்டும் தெரியாது. மூளையே ஏதோ போட்டு நிரப்பிவிடும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுகிறது. ஆனால் கேமராக்காரன் ஒரு கண்ணை மூடுகிறவன். இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தேன். வலது கண்ணில் மூக்குப் பக்கப் பார்வை போயிருந்தது. கம்பி இருந்தது அங்கேதான்.

வியாதி இருப்பது அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமாகச் சொட்டு மருந்து போட்டு வந்தேன். அவளுக்குத் தெரியாதது ஒன்று. புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு எடுத்த பார்வைப் பரப்புப் பரிசோதனையில் வலது கண் மோசமாகியிருந்தது. சொன்னால் பயணத்தை ரத்து செய்துவிடுவாள் என்று ரிப்போர்ட்டைப் புத்தக அலமாரியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அங்கிருந்து சிலாவோஸ். அந்தச் சாலையில் நானூறு வளைவுகள் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்க்கத் தெம்பில்லை. வாடகைக் கார் ஓட்டியவர் நம் மனிதர், அதாவது அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த தமிழர். 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்தபின் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து பல்லாயிரம் பேரைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இவருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் வருஷந்தோறும் விரதம் இருந்து தீ மிதிக்கிறார். செயின்ட் பியேர் ஊரில் நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு அவரே அழைத்துப் போனார். கோபுரத்தைப் பார்த்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

சிலாவோஸில் படிக்கட்டு வயல்களில் விளைகிற சின்னப் பருப்பு மிகப் பிரசித்தம். கடைகளில் மாமிசம் சேர்த்துவிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எங்கள் விடுதி அம்மாள் மஞ்சள் போட்டு வேகவைத்துத் தந்தார். சாதம், அந்தப் பருப்பு, கூட நம் தொக்கு மாதிரி தக்காளியும் பச்சை மிளகாயும் அரைத்தது. புளிக்காய்ச்சல் பாட்டிலை அன்று திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் எரிமலை. செம்மண்ணும் கரியும் கலந்தாற்போன்ற ஒரு பொட்டல் வெளியைக் கடந்து, 2,311 மீட்டர் உயரத்தில் பா த பெல்கோம்ப் என்ற விளிம்பில் நின்றோம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் சட்டைக்குள் இரண்டு வைத்திருந்தேன். கீழே பிரம்மாண்டமான பள்ளம். நடுவில் எரிமலை. அடியில் ஒரு சிறிய சிவந்த குன்று. சுவரோடு செதுக்கிய நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி அந்தக் குன்றுக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். இரண்டு வருஷமாக அதைப் பற்றிப் படித்திருந்தேன்.

வெளிச்சம் வந்தது. கேமராவைக் கையில் எடுத்து, கண்ணில் ஒட்டியபடியே இடது பக்கம் ஒரு அடி, இன்னொரு அடி நகர்ந்தேன். வேலி முடிந்துபோன இடம் அது. "ஏன்னா!" என்று ஒரு சத்தம். ஸ்வெட்டரைப் பிடித்து அவள் இழுத்த வேகத்தில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். என் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு கல் பெயர்ந்திருந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை.

"அந்தக் கல் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ரிப்போர்ட் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசவே இல்லை. எரிமலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இறங்க வேண்டாம். என் முழங்காலும் உங்க கண்ணும் சேர்ந்து அந்தப் படியில இறங்கப்படாது" என்றாள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவ்வளவு தூரம் வந்து, படி வாசலில் நின்று திரும்புவதா? கொஞ்சம் கழித்து அவளே எழுந்து ட்ரைபாடை விரித்தாள். "இதுல வையுங்கோ. பின்னாடி இருக்கற ஸ்க்ரீன்ல நீங்க நடுவைப் பாருங்கோ, நான் நாலு ஓரத்தையும் பார்க்கறேன். நான் சரின்னு சொன்னப்புறம் அமுக்குங்கோ" என்றாள்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்தினவள். நான்கு மூலையையும் அதே கண்ணோடு பார்த்தாள். "கீழ வலது பக்கம் யாரோட பையோ இருக்கு. மேல மேகம் பாதி வெட்டுப்படறது." அந்தக் காலையில் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட நான் ஓரம் வெட்டிச் சரிசெய்யவில்லை.

அடுத்த படம் செயின்ட் ரோஸ் பகுதியில் ஒரு சின்ன மாதாகோயில். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை அழித்தது. இந்தக் கோயில் வாசலுக்கு வந்து, இரண்டாகப் பிரிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போய் உறைந்துவிட்டது. நான் கோயில் முகப்பை நட்ட நடுவில் வைத்து அமுக்கப் போனேன். "நில்லுங்கோ. கோயில் எந்த ஊர்லேயும் இருக்கும். இடது பக்கம் பாருங்கோ" என்றாள். சுவரை ஒட்டிக் கறுப்பாகக் குழம்பு உறைந்து கிடந்தது. அதன்மேல் பெரணிச் செடி முளைத்திருந்தது. கேமராவைத் திருப்பினேன். கோயில் ஓரத்துக்குப் போயிற்று. குழம்பு நடுவே வந்தது. எங்கள் ஆத்து ஹாலில் மாட்டியிருப்பது இந்தப் படம்தான்.

கடைசி நாள் சலாசி. வேலியெல்லாம் ஒரு கொடி படர்ந்து காய்த்துத் தொங்கியது. என்ன காய் என்று கேட்டேன். "ஷூஷூ" என்றார் கார்க்காரர். பார்த்தால் நம் சௌசௌ! "பெயர்கூட மாறலையே" என்று அவள் சிரித்தாள். அந்த விளிம்புக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

திரும்பி வந்த மறுநாளே இருவருமாக டாக்டரிடம் போனோம். மருந்தை மாற்றினார். அதற்குப்பின் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் மேற்கொண்டு இறங்கவில்லை. போனது போனதுதான், திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றுவதற்குத்தான் மருந்து. கார் சாவியை அவளிடம் கொடுத்தேன். காரையே விற்றுவிட்டோம். அது சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

என் தகப்பனார் கடைசிக் காலத்தில் நிலைப்படியில் இடித்துக்கொண்டே இருப்பார். வயசாச்சு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அது என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கிளாக்கோமா ரத்த சம்பந்தத்தில் வரக்கூடியது. என் இரண்டு தம்பிகளுக்கும் உடனே டெலிபோன் செய்தேன். சின்னவனுக்கு அழுத்தம் அதிகமாக இருந்தது. அவனுக்குப் பார்வை இன்னும் கெடவில்லை. தக்க சமயத்தில் மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். இந்தப் பயணத்தில் கிடைத்த நல்ல பலன் எது என்று கேட்டால், இந்தப் படங்களைவிட அதைத்தான் சொல்வேன்.

ஆகவே நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், வீட்டில் யாருக்காவது இருந்தால் இன்னும் முன்னதாகவே, கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி பவர் பார்ப்பது மட்டும் போதாது. வலி இருக்காது, அறிகுறி இருக்காது, காத்திருக்காதீர்கள். நம் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை இதற்கென முகாம் நடத்த வேண்டும் என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் முகாமின் செலவில் ஒரு பங்கு எங்களுடையது. இன்னொன்று, ரிப்போர்ட்டை அலமாரியில் வைக்காதீர்கள். ஆத்தில் காட்டுங்கள்.

அடுத்த வருஷம் ஸ்பிட்டி போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். ட்ரைபாடை அவள்தான் தூக்கி வருவாளாம்.